கிருமிக்குச் சோறு

மெக்கானிக் தன் சம்பந்தியை உயிரோடு கடைசியாகப் பார்த்தபோது, அவர் மெக்கானிக்கின் லாரி ஷெட்டுக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு பாட்டிலில் மண்ணை அள்ளிக்கொண்டிருந்தார்.

மெக்கானிக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மகளைக் கொடுத்த இடம். பின்சுவரைத் தாண்டினால் சம்பந்தியின் செடி நர்சரி, வீடு, கிணறு. கிணற்றுத் தண்ணீரில் டீசல் வாடை அடிக்கிறது என்று மகள் சொல்லி இரண்டு வருஷம் ஆகிறது. ஷெட்டில் புதைத்திருந்த டாங்க் கசிந்ததுதான் காரணம் என்று மெக்கானிக்குக்குத் தெரியும். ஓசைப்படாமல் கசிவை அடைத்துவிட்டு, யாரிடமும் மூச்சு விடவில்லை.

அதன்பிறகுதான் சம்பந்தி ஷெட்டுக்குப் பின்னால் எரு கொட்டிக் கிளற ஆரம்பித்தார். செடி வைக்கப் போகிறார் என்று மெக்கானிக்கும் விட்டுவிட்டார்.

ஆனால் நேற்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. யாரோ கொடுத்த மனுவின் பேரில் வியாழக்கிழமை மண்ணைச் சோதிக்க வருகிறார்களாம். டீசல் கசிந்தது இங்கிருந்துதான் என்று தெரிந்தால் ஷெட்டுக்குப் பூட்டு.

"என்ன சம்பந்தி, சாட்சியை பாட்டில்ல அடைக்கிறீங்களா?"

"சாட்சியா? கிருமிங்க. எப்படி இருக்குன்னு பார்க்க லேபுக்கு அனுப்பணும்."

"கிருமியா! என் இடத்துலயா?"

"மண்ணுல எப்பவும் இருக்கிறதுதாங்க. டீசலைத் தின்னும். எரு, யூரியா, ஈரம் கொடுத்தா நல்லாப் பெருகும். மூச்சு விடக் காத்து வேணும், அதான் வாராவாரம் கிளறுறேன். அவசரமே படாது. உங்க மாப்பிள்ளை மாதிரி, உட்கார்ந்து நிதானமா சாப்பிடும்."

"ஓஹோ! என் லாரிங்க மைலேஜ் கொடுக்காததுக்கு நீங்கதான் காரணமா?"

ஷெட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சம்பந்தியும் சிரித்தார்.

"மனு போட்டது நீங்கதானே?"

சிரிப்பு நின்றது.

"நான்தாங்க. ஆனா..."

"ஆனாவும் வேண்டாம், ஆவன்னாவும் வேண்டாம். பொண்ணு கொடுத்த வீடாச்சேன்னு பார்க்கிறேன். கிளம்புங்க."

சம்பந்தி முழங்காலைத் தட்டிவிட்டு எழுந்தார்.

"ஈரம் மட்டும் காயாம பார்த்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலையே மெக்கானிக் மூன்று மூட்டை பிளீச்சிங் பவுடரை அங்கே கொட்டித் தண்ணீர் அடித்தார். வாடையும் போகும், கிருமியும் ஒழியும்.

மறுநாள் விடிவதற்குள் சம்பந்தி நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார்.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் மெக்கானிக் பெருந்தன்மையாகச் சொன்னார்: "தங்கமான மனுஷன். என் மேல மனு போட்டதைக்கூட நான் மனசுல வெச்சுக்கல."

மகள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

வியாழக்கிழமை வந்து மண்ணை எடுத்துப் போனார்கள். மூன்று வாரம் கழித்து அதிகாரியம்மா ஃபைலோடு வந்தார்.

"ஒன்றரை வருஷமா உங்க சம்பந்தி எங்க லேபுக்கு மாசாமாசம் மண்ணு அனுப்பியிருக்கார். மூணுல ரெண்டு பங்கு டீசலைக் கிருமி தின்னு தீர்த்திருக்கு. இன்னும் கொஞ்ச மாசம் விட்டிருந்தா கிணறுகூடத் தேறியிருக்கும். ஆனா நாங்க எடுத்த மண்ணுல உயிரே இல்லையே. எதையாவது கொட்டினீங்களா?"

மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தார்.

"சரி விடுங்க. முதல் தப்பு உங்க மேல இல்லையே. மண்ணைச் சோதிக்கச் சொன்ன மனுவுலயே எழுதியிருக்கார்" என்று அதிகாரியம்மா படித்தார். "'என் நர்சரி ஜெனரேட்டரிலிருந்து கசிந்த டீசல், சம்பந்தியின் ஷெட் மண்ணையும் கெடுத்துவிட்டது. தவறு என்னுடையது. அவர் தொழிலுக்கு இடைஞ்சல் வராமல் நானே சுத்தம் செய்து தருகிறேன்.' அந்த ஜெனரேட்டரை ஒரு தடவை பார்த்துட்டா ஃபைலை மூடிடலாம். எங்க இருக்கு?"

சுவருக்கு அப்பால் மகள் தொட்டிகளை நகர்த்தும் சத்தம் கேட்டது.

'வித்துட்டார்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். செத்தவர் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை.

மெக்கானிக்குக்குத் தலை நிமிரவில்லை.

"அங்க ஜெனரேட்டரே கிடையாதும்மா. டாங்க் இங்கதான் இருக்கு. என்னுது. பிளீச்சிங் பவுடர் கொட்டினதும் நான்தான்."

அதிகாரியம்மா எழுதிக்கொண்டார்.

மண்ணில் இன்னும் மூன்றில் ஒரு பங்கு டீசல் இருந்தது. அதைத் தின்ன ஒரு உயிரும் இல்லை.