ஆறாவது புள்ளி

“இந்த சென்டர்ல ஒண்ணு அவங்க இருக்கணும், இல்ல நான் இருக்கணும். இன்னிக்கே முடிவு பண்ணிடுங்க!”

சிங்கப்பூர் தேக்காவில் டியூஷன் சென்டர் நடத்தும் பிரபாகர், கணித டீச்சர் சரோஜினியை நிமிர்ந்து பார்த்தார்.

“யாரைச் சொல்றீங்க டீச்சர்?”

“வேற யாரு? பக்கத்து கிளாஸ் சந்திரமதிதான். மூணு வாரத்துல என் கிளாஸ்ல இருந்து நாலு பிள்ளைங்களை இழுத்துட்டாங்க. அடுத்தது மிதுனன். அப்புறம் மொத்த கிளாஸும் காலி.”

சரோஜினிக்கு வயிறு எரிந்தது. பொறாமை என்று யாராவது சொன்னால் சண்டைக்கே வந்துவிடுவாள்.

சற்று முன்புதான் பக்கத்து அறையை எட்டிப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். சந்திரமதி ஒரு வட்டத்தின் விளிம்பில் புள்ளிகள் வைத்து, எல்லாவற்றையும் கோடு போட்டு இணைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு புள்ளிக்கு வட்டம் இரண்டு துண்டானது. மூன்றுக்கு நான்கு, நான்குக்கு எட்டு, ஐந்துக்குப் பதினாறு.

“ஆறு புள்ளிக்கு?”

“முப்பத்திரண்டு லா!” என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

“எண்ணிப் பாருங்க.”

முப்பத்தொன்றுதான் வந்தது. ஒரே சிரிப்பு, கைதட்டல். சரோஜினியின் வகுப்பில் கொட்டாவி மட்டுமே விட்ட அனுப்ரியாகூட மேசையைத் தட்டிச் சிரித்தாள். அதைத்தான் சரோஜினியால் தாங்க முடியவில்லை.

“அது பாடமா சார்? விளையாட்டு! நான் விதியைச் சொல்லி, அதுல இருந்து படிப்படியா நிரூபிக்கக் கத்துக்கொடுக்கிறேன். அவங்க நாலு உதாரணத்தைக் காட்டிக் கூட்டம் சேர்க்கிறாங்க.”

“நாலு பேர் போனதை வெச்சு, அவங்கதான் இழுத்தாங்கன்னு எப்படிச் சொல்றீங்க?”

“ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா அங்கதானே போறாங்க! இதுக்கு நிரூபணம் வேற வேணுமா?”

பிரபாகர் மேசை டிராயரைத் திறந்து நான்கு தாள்களை எடுத்தார்.

“உங்ககிட்ட காட்ட வேண்டாம்னு சந்திரமதி டீச்சர் சொல்லியிருந்தாங்க. இந்த நாலு பேரும், உங்க பாடம் புரியலைன்னு சென்டரை விட்டே நிக்கறதா எழுதிக் கொடுத்தவங்க.”

சரோஜினி வாங்கிப் படித்தாள். ஒவ்வொரு தாளின் அடியிலும் சந்திரமதி ஒரே வரியை எழுதியிருந்தாள்.

‘மூன்று மாதம் மட்டும் என்னிடம் படிக்கட்டும். பிறகு சரோஜினி டீச்சரிடமே திரும்பிப் போக வேண்டும். நிரூபணத்தை அவரைப் போல் சொல்லிக்கொடுக்க எனக்குத் தெரியாது.’