டாஃப்னியம்மாவின் நாற்காலி

கடை வாசலில் நீல நாற்காலியைப் பார்த்ததும் லெஸ்டர் பிரேக் போட்ட மாதிரி நின்றான்.

நாற்காலி அவனுக்கு முதுகு காட்டியிருந்தது. அதன் விளிம்புக்கு மேலே ஒரு சிவப்புக் கம்பளித் தொப்பி. தொப்பிக்குக் கீழே கட்டம் போட்ட போர்வை.

ஊரில் அந்தத் தொப்பி ஒருவரிடம்தான் உண்டு. லெஸ்டரின் மாமியார் டாஃப்னியம்மா.

அவன் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான். வாங்க வந்த சிப்ஸையும் கோலாவையும் மறந்து, வந்த வழியே திரும்பினான்.

எங்கள் ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் மருமகன் மாமியாரை ஏறிட்டுப் பார்க்கக் கூடாது. பேசக் கூடாது. பெயரைச் சொல்லக் கூடாது. அவள் இருக்கும் இடத்தில் அவன் இருக்கவே கூடாது. பயமில்லை, மரியாதை. கங்காரு அடித்தால் வாலை மட்டும் தனியாக வெட்டி, மனைவி கையில் மாமியாருக்குக் கொடுத்து அனுப்புகிறவன் லெஸ்டர்.

இன்று அவன் இருக்க வேண்டிய இடம் கிளினிக். டயாலிசிஸ் நாள்.

போன முறை ஓடிவிட்டான். இன்றும் வராவிட்டால் விமானத்தில் ஏற்றி ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவதாக நர்ஸ் சொல்லிவிட்டாள். அங்கே போனவர்கள் சீக்கிரம் திரும்பியதில்லை. இங்கே அவனுக்கு நடை பழகும் மகள் இருக்கிறாள். ஊர் மெஷினில் அவனுக்குக் கிடைத்திருப்பதோ கடைசி இடம்.

நான் அவனுடைய சித்தப்பா. ஊர் சுகாதாரக் கமிட்டியின் ஜீப்பை ஓட்டுகிறவன்.

லெஸ்டர் கால்பந்து மைதானத்தை நோக்கி நடந்தான். குறுக்கு வழி. ஆனால் ஜீப்புக்குக் கால்கள் நான்கு.

அவன் வேலியைத் தாண்டி எட்டிப் பார்த்தபோது கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் நீல நாற்காலி. சிவப்புத் தொப்பி.

"சித்தப்பா, என்ன இன்னைக்கு ஊர்வலமா?" என்று தரையைப் பார்த்துக்கொண்டே கத்தினான்.

"கமிட்டித் தலைவி உத்தரவுடா. போடுன்ன இடத்துல நாற்காலியப் போடறேன். என்னைக் கேக்காத."

பொய்யில்லை. டாஃப்னியம்மாதான் கமிட்டித் தலைவி. மெஷின் எங்கள் ஊருக்கே வர வேண்டும் என்று பல வருஷம் அதிகாரிகளின் வாசலில் போய் உட்கார்ந்தவள். உட்காருவதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

லெஸ்டருக்கு மிச்சமிருந்தது நெல்சனின் கார். பக்கத்து ஊரில் கால்பந்துத் திருவிழா. மரத்தடியில் நெல்சன் இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தான்.

நான் முந்திக்கொண்டேன். முன்கதவை ஒட்டி நாற்காலி.

நெல்சனுக்கு அவள் மாமியார் இல்லை. தாராளமாகப் பார்க்கலாம். பார்த்தான். இருமல் வந்தவன்போலக் கையால் வாயைப் பொத்திக்கொண்டான்.

லெஸ்டர் தூரத்திலேயே நின்று நிலத்தை உதைத்தான். செம்மண் பறந்தது.

"ஏறுடா, நேரமாச்சு" என்றான் நெல்சன்.

"எப்படி ஏறுறது? உன் மடியிலயா?"

பிறகு அவனே கிளினிக்கின் பின்வாசலை நோக்கி நடந்தான். எங்கள் கிளினிக்குக்கு இரண்டு வாசல். பார்த்துக்கொள்ளக் கூடாதவர்கள் பார்த்துக்கொள்ளாமலே வந்துபோக, கட்டும்போதே கமிட்டி சண்டை போட்டு வாங்கியது.

அவன் உள்ளே போனதும் பின்வாசலில் நாற்காலியைப் போட்டேன். முன்வாசல் கதவை வெளியிலிருந்து பூட்டுகிற அளவுக்கு நான் கெட்டவன் இல்லை. அதன் குறுக்கே ஜீப்பை மட்டும் நிறுத்தினேன்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து கூப்பிட்டான். கையில் ஊசி ஏறியிருந்தது. மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பாமல், தாடையால் மட்டும் வெளியே காட்டினான்.

"வாசல்ல குளிர் அடிக்கும் சித்தப்பா. அவங்களுக்கு ஒரு டீ கொண்டு போய்க் குடு. சர்க்கரை போட்டுறாத. அவங்களுக்கும் உடம்புல சர்க்கரை இருக்கு."

டீயைக் கொண்டுபோனேன்.

போர்வையைச் சற்று விலக்கி, மாவு மூட்டையை ஒரு பக்கம் தள்ளி, நாற்காலியின் ஓரத்தில் நானும் உட்கார்ந்தேன். தொப்பி நழுவியது. எடுத்து மூட்டைக்கே மாட்டிவிட்டேன். டீயைக் குடித்தேன். கஷாயம் மாதிரி இருந்தது.

போன் அடித்தது.

"உக்காந்துட்டாரா?" டாஃப்னியம்மாவின் குரல். அதற்குப் பின்னால், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஆஸ்பத்திரியில், இங்கே கேட்ட அதே உறுமல்.

லெஸ்டர் இப்போது படுத்திருக்கும் இடம் போன வாரம் வரை அவளுடையது. குழந்தை அப்பாவோடு இருக்கட்டும் என்று தொப்பியையும் போர்வையையும் என்னிடம் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிட்டாள். மாமியார் எங்கே என்று மருமகன் விசாரிப்பது வழக்கமில்லை. அவன் மனைவியும் வாயைத் திறக்கவில்லை. அதனால் அவனுக்குத் தெரியாது. தெரிந்தால் அடுத்த நிமிஷம் ஊசியைப் பிடுங்கிவிட்டு எழுந்துவிடுவான். மாமியாரின் இடத்தில் அவன் எப்படி உட்காருவான்?

"உக்காந்துட்டான். உங்களுக்கு டீ கூட அனுப்பினான், சம்பந்தி. சர்க்கரை இல்லாம."



அவள் சொன்னாள்:

"டீ நல்லாவே இல்லன்னு நான் திட்டினதாச் சொல்லுங்க. அப்பத்தான் நம்புவாரு."