கெட்டுப்போகாத பெட்டி

"காகிதத்துல ஒரு தடவை பொய் ஏறிடுச்சுன்னா, அப்புறம் அது..." என்று ரிட்டயரான பழைய மேனேஜர் ஏதோ சொல்வார். அப்புறம் அது என்ன ஆகும் என்பது சர்வீஸ் இன்ஜினீயருக்கு மறந்துவிட்டது. முதல் பாதியே அவருக்குப் போதுமானதாக இருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு ரிப்போர்ட்டிலும் அவர் இல்லாததை எழுதியதில்லை.

அதனால்தான் அந்த டீச்சர்மேல் அவருக்கு அவ்வளவு கடுப்பு.

"சார், உங்க டீச்சர் கூப்பிட்டாங்க," என்றாள் ஆபீசில் போன் எடுக்கும் பெண். "மெஷின்ல பேச்சு வரலையாம்."

"போன வாரம் கீபோர்டு. அதுக்கு முந்தின வாரம் புகை வாசனை. போய்ப் பார்த்தா ஒண்ணும் இருக்காது. இந்த மூணு மாசத்துல பதினோரு தடவை போயாச்சும்மா."

"பன்னிரண்டாவது தடவைக்கு டீயாவது தருவாங்களோ என்னமோ, போயிட்டு வாங்க."

கம்பெனி முதன்முதலில் விற்ற கம்ப்யூட்டர் அது. பழுப்பு நிறப் பெட்டி. அதற்குப் பிறகு நாலைந்து மாடல் வந்துவிட்டது. பாதி விலைக்குப் புதுசு தருகிறோம் என்று கம்பெனியே கடிதம் போட்டும், டீச்சர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிடித்தால் பிடித்ததுதான்.

ஆஸ்பத்திரி மாடியில் பேச்சுப் பயிற்சி அறை. பக்கவாதத்தில் பேச்சு போனவர்களுக்கு டீச்சர் அங்கேதான் பயிற்சி கொடுப்பார். பெட்டியின் முன்னால் ரிட்டயரான பஸ் டிரைவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் சும்மா கிடந்தது. இடது கை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டினால், பெட்டி அவருக்காகப் பேசும்.

"காலையிலேர்ந்து பேச்சே வரலை சார்," என்றார் டீச்சர்.

டிரைவர் நிதானமாகத் தட்டினார். பெட்டி கரகரவென்று சொன்னது: "பொய். காலையில இதுலதான் என் பொண்டாட்டிகூட சண்டை போட்டேன்."

"டிரைவர் சார், உங்களுக்கு வாய் ஜாஸ்தி," என்றார் டீச்சர்.

இன்ஜினீயர் பையைத் தரையில் வைத்தார்.

"ஏங்க டீச்சர், படிச்சவங்க நீங்க. வாராவாரம் எதுக்கு என்னை இப்படி அலைய விடுறீங்க?"

டீச்சர் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"மூணு மாசம் ஒரு புகாரும் வரலைன்னா, இந்த மாடலை யாரும் வச்சுக்கலைன்னு கம்பெனி கைகழுவிடுமாம். பார்ட்ஸை எல்லாம் பழைய இரும்புக்குப் போட்டுடுவாங்களாம். உங்க ஆபீஸ் பொண்ணுதான் பேச்சோட பேச்சா சொன்னா."

இன்ஜினீயர் அவரையே பார்த்தார்.

"இது கெட்டே போகாத மெஷின் சார். அதான் இது பண்ணின தப்பு. வேற வழி இல்லாம நான் புகார் பண்றேன்."

"புதுசு வாங்கிக்கலாமே?"

"புதுசுல இந்தப் பேச்சு ஓடாது. ஒன்பது வருஷமா சாயந்திரத்துல உட்கார்ந்து நானே எழுதின புரோகிராம். மாத்தித் தர முடியாதுன்னு உங்க கம்பெனியிலயே சொல்லிட்டாங்க. வாரத்துக்கு முப்பது பேர் இங்க வந்து பேசிட்டுப் போறாங்க. என்னிக்காவது இது நிஜமாவே படுத்துட்டா, பார்ட்ஸுக்கு நான் எங்க போவேன்?"

இன்ஜினீயர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"நீங்க போன் பண்றதெல்லாம் கணக்குலயே வராது டீச்சர். அது போன் எடுக்கிற பொண்ணுக்குத் தெரியாது. பழுதுன்னு ரிப்போர்ட்ல நான் எழுதினாத்தான் தலைமை ஆபீசுல ஏறும்."

"நீங்க என்ன எழுதினீங்க?"

"பழுது இல்லைன்னு."

"பதினோரு தடவையுமா?"

"பதினோரு தடவையும்."

டீச்சர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"கைகழுவுறதுன்னு எப்போ முடிவு பண்ணுவாங்க?"

"இன்னிக்கு அஞ்சு மணிக்குக் கைவிடுற மாடல் லிஸ்ட் போகுது."

"வேற ஊர்ல யாராவது இந்த மாடலை..."

"இந்த வருஷம் நான் பார்த்த கஸ்டமர் லிஸ்ட்ல இந்த மாடல் உங்களோடது மட்டும்தான் இருக்கு."

"அப்ப இன்னிக்குப் பழுதுன்னு எழுதுங்க."

"மாட்டேன்."

"சார், ஒரே ஒரு வரி."

"ஒரு வரியா இருந்தாலும் இல்லாத பழுதை எழுத மாட்டேன் டீச்சர். இதுவரைக்கும் எழுதினதில்லை. என்கிட்ட கேட்காதீங்க."

"அப்ப நான் தலைமை ஆபீசுக்கே நேர்ல போறேன். வாசல்ல உட்காருறேன். எத்தனை நாள் ஆனாலும் சரி."

"நீங்க போய்ச் சேர்றதுக்குள்ள பார்ட்ஸ் லாரியில ஏறியிருக்கும்."

டிரைவர் தட்ட ஆரம்பித்தார். ஒரு வாக்கியம் முடிய அவருக்கு இரண்டு நிமிஷம் ஆகும். இருவரும் காத்திருந்தார்கள்.

"சார் ரொம்ப நல்ல மனுஷன்," என்றது பெட்டி. "நான்தான் மறுபடியும் ஊமையாகப் போறேன்."

இன்ஜினீயர் எழுந்தார். பெட்டியை அணைத்தார். நாலு திருகாணிகளையும் கழற்றி மூடியைத் தூக்கினார். முன்பக்கத்துச் சின்ன விளக்குக்குப் போகும் சிவப்பு வயரை விரலால் தூக்கிப் பார்த்தார். முழுசாக, நன்றாகத்தான் இருந்தது.

கட்டரை எடுத்து அதை நடுவில் வெட்டினார்.

பிறகு ரிப்போர்ட்டை மடியில் வைத்துக்கொண்டு எழுதினார்: "பழுது உண்டு. விளக்கு வயர் துண்டாகியிருக்கிறது. மூன்று மாதத்துக்குள் மறுபடியும் வந்து பார்க்க வேண்டும்."