சுருங்கிய வருடம்

ஆசிஃப் திரையைச் சட்டென்று தன் பக்கம் திருப்பிக்கொண்டதை ஜெயஸ்ரீ பார்த்துவிட்டாள்.

அடையாறில் உள்ள அந்தக் கடலாய்வு நிறுவனத்தில் அவன் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. சாந்தோம் கடலில் மிதக்கும் கருவி இருபது வருடமாக நொடிக்கு நொடி அனுப்பிய அலை உயரங்களைப் புதிய சர்வருக்கு மாற்றுவது அவன் வேலை. அந்தப் பிரிவுக்கு அவள் தலைவி.

முன்பெல்லாம் ஒரு நாளின் அலையைப் பார்க்க, வருடத்தின் கோப்பு முழுவதையும் திறக்க வேண்டும். கேன்டீனுக்குப் போய் வந்தாலும் திறந்திருக்காது. ஆசிஃப் அதை நாளுக்கு ஒரு துண்டாக வெட்டி அடுக்கினான். இப்போது எந்த நாளைக் கேட்டாலும் உடனே வந்தது.

எல்லோரும் பாராட்டினார்கள். அவள் மட்டும் அவன் முதுகுக்குப் பின்னால் வந்து வந்து நின்றாள். எந்த வருடம் முடிந்தது, எதைத் திறந்து பார்த்தாய் என்று தினமும் கேட்டாள். அவன் சாப்பிடப் போன நேரத்தில் பட்டியலை ஓட்டிப் பார்த்தாள்.

இன்று திரையை அவளே தன் பக்கம் இழுத்தாள்.

ஒவ்வொரு வருடத்துக்கும் முந்நூற்றுச் சொச்சம் துண்டுகள் இருந்தன. 2009க்கு ஏழு.

“மீதிய என்ன பண்ணின? அழிச்சிட்டியா?”

“ஒண்ணும் அழிக்கல மேடம். ஒரே மாதிரி ரெண்டு நாள் வந்தா சிஸ்டம் ஒண்ணத்தான் வெச்சுக்கும். அந்த வருஷம் ஃபுல்லா அதே ஏழு நாள்தான் திரும்பத் திரும்ப வருது. யாரோ காப்பி பண்ணி ஒட்டியிருக்காங்க.”

டைரக்டருக்கு அவன் எழுதிவைத்திருந்த கடிதமும் திரையில் இருந்தது. அந்த வருடம் கருவியைப் பராமரித்த வெள்ளைத்துரையின் பெயர் அதில் இருந்தது. கீழ்த்தளத்தில் இன்னும் வேலை பார்க்கிறார். ஓய்வுக்கு நான்கு மாதம்.

ஜெயஸ்ரீ இரண்டு முறை படித்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

“அவர் பேரை எடுத்துடு. ஜனவரி ரெண்டாவது வாரமே கருவி நின்னுபோச்சு. ரிப்பேர் பண்ணணும்னு அவர் எழுதிக் குடுத்தத நான்தான் மேல அனுப்பல. அடுத்த மார்ச்சுல எனக்கு பிஹெச்டி தீசிஸ், அதுக்கு முழு வருஷம் வேணும்னு நான்தான் ஒட்டினேன்.”

ஆசிஃப் பெயரை அழித்தான்.

அந்த இடத்தில் தன் பெயரை அவளே தட்டினாள். முன்னால் டாக்டர் என்று போடவில்லை.