மாமனாரிடம் ஒரு குறை

இம்ரான் கல்லாவுக்கு முன்னால் போய் நின்றபோது, மாமனார் அப்துல் முத்தலிப் ஒரு வாடிக்கையாளரின் பூர்வீகத்தைத் துருவிக்கொண்டிருந்தார்.

"கடையநல்லூரா? எந்தத் தெரு? யாரு வீட்டுப் புள்ள?"

காசை வாங்கிப் போட்டாயிற்று. பிரியாணிப் பொட்டலம் மட்டும் இன்னும் மாமனார் கையிலேயே இருந்தது. வந்தவர் பசியோடு தன் பாட்டனார் பெயரைச் சொன்னார். அவருக்குப் பின்னால் வரிசை கடையைத் தாண்டி, சிங்கப்பூரின் டன்லப் ஸ்ட்ரீட் நடைபாதை வரை நீண்டிருந்தது.

சீனர்களையும் மாமனார் விடுவதில்லை. ஊர் கேட்க முடியாத குறைக்கு, குடியிருப்பது ஈசூனா, சுவா சூ காங்கா, எந்த அடுக்குமாடி புளோக் என்று கேட்பார்.

இந்தக் குறையைத்தான் இம்ரான் இப்போது அவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும்.

சொல்லாவிட்டால் தேர்ச்சி இல்லை.

ஓரத்து மேசையில் தே ஹாலியா என்கிற இஞ்சி டீயும் கைக்கணினியுமாக நிவேதிதா உட்கார்ந்திருந்தார். இம்ரான் பகுதிநேரமாகப் படிக்கும் வணிக நிர்வாக முதுநிலைப் பட்டயத்தின் மதிப்பீட்டாளர். அந்தப் படிப்பில் எழுத்துத் தேர்வோடு விட்டுவிடுவதில்லை. படித்தது வேலையிடத்தில் விளைந்திருக்கிறதா என்று நேரில் வந்து பார்ப்பார்கள். இன்றைக்குப் பார்க்க வந்தது மூன்றாவது கற்றல் விளைவு: கீழே வேலை செய்பவர் மனம் நோகாமல் ஏற்றுக்கொள்ளும்படி அவருடைய குறையை எடுத்துச் சொல்லுதல்.

ஏற்கெனவே ஒருமுறை தோற்றாயிற்று. அப்போது சமையல்காரர் உமைரிடம், தால்சாவில் உப்பு கூடுகிறது என்று ஆரம்பித்தான். அவர் கரண்டியைக் கீழே வைத்ததும் பயந்துபோய், மன்னிப்புக் கேட்டு, சம்பளத்தையும் கூட்டிவிட்டு வந்தான்.

இது கடைசி வாய்ப்பு. இதிலும் போனால் மொத்தப் படிப்பும் முதலிலிருந்து.

யோசித்துப் பார்த்துத்தான் இந்தமுறை மாமனாரைத் தேர்ந்தெடுத்தான். சமையல்காரர் கோபித்துக்கொண்டால் எதிர்க்கடைக்குப் போய்விடுவார். மாமனார் எங்கே போவார்? கடையே அவருடையது. நிர்வாகத்தை மருமகனிடம் கொடுத்துவிட்டு, பொழுது போகக் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர்.

மனைவி முனீரா மட்டும் காலையில் ஒன்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

"அத்தா முகம் வாடுச்சுன்னா, நீங்க அந்த சர்டிஃபிகேட்டை விரிச்சு அதுலயே படுத்துக்கலாம்."

வகுப்பில் ஒரு வழி சொல்லிக்கொடுத்திருந்தார்கள். முதலில் பாராட்டு, நடுவில் குறை, கடைசியில் இன்னொரு பாராட்டு. இரண்டு ரொட்டித் துண்டுக்கு நடுவே சார்டின் மீனை வைப்பதுபோல.

"மாமா," என்றான். "உங்கள மாதிரி வர்றவங்ககிட்ட அன்பாப் பேசுற ஆளு இந்தத் தெருவுலயே இல்ல."

முழங்கால் வலிக்காகச் செவ்வாய்தோறும் குவீன்ஸ்டவுன் வரை வைத்தியத்துக்குப் போய்வருகிற மாமனார், துள்ளி எழுந்தார்.

"உமைரு! கேட்டியா? மாப்புள என்ன சொல்றாருன்னு கேட்டியா?"

உள்ளேயிருந்து உமைர் கரண்டியை ஆட்டினார். வரிசையில் யாரோ கைதட்டினார்கள். முதல் ரொட்டித் துண்டிலேயே மாமனாருக்கு வயிறு நிறைந்துவிட்டது.

மாமனாரை நேருக்கு நேர் குறை சொன்ன மருமகன் அவர்கள் குடும்பத்தில் நாலு தலைமுறையாகக் கிடையாது.

"அதாவது மாமா... அந்த வரிசை... வந்து..."

அவ்வளவுதான் வந்தது. சார்டின் தொண்டையிலேயே நின்றுவிட்டது. அவன் ஒரே தாவலாக அடுத்த ரொட்டிக்குத் தாவினான்.

"மத்தபடி உங்க சட்டை ரொம்ப நல்லா இருக்கு மாமா."

நிவேதிதா தே ஹாலியாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். சொன்னவரை விட்டுவிட்டு, கேட்டவரிடம் விசாரிப்பதுதான் அவர்கள் முறை. மருமகன் சொன்னதிலிருந்து என்ன புரிந்துகொண்டீர்கள் என்று கேட்டார்.

இம்ரான் கண்ணை மூடிக்கொண்டான்.

"வரிசை நீளுது, நான் பேச்சைக் குறைக்கணும்," என்றார் மாமனார், பாடம் ஒப்பிப்பதுபோல. "எனக்கு இதுல வருத்தமில்ல. இனிமே பொட்டலம் கைக்குப் போன பொறவுதான் ஊர் விசாரணை. ரெண்டு வாரம் கழிச்சு மாப்புள வந்து சரிபார்க்கட்டும்."

புரிதல், ஏற்பு, திருத்தம், கெடு. நிவேதிதா கைக்கணினியில் ஒவ்வொன்றாகத் தொட்டார்.

இம்ரான் கண்ணைத் திறந்தான். 'வரிசை' என்ற ஒரு சொல்லைத் தவிர, அதில் எதுவுமே அவன் சொன்னதில்லை.

தேர்ச்சி என்று சொல்லிவிட்டு, நிவேதிதா பையைத் தோளில் மாட்டினார். வாசல்வரை போனவர் திரும்பிப் பார்த்தார்.

"ஓகே அங்கிள். தெர்ஸ்டே பாப்போம் லா."

இம்ரான் மாமனாரைப் பார்த்தான். மாமனார் தன் முழங்காலைப் பார்த்தார்.

"செவ்வாய்க்கிழமை வைத்தியமில்ல, வகுப்பு," என்றார் மெதுவாக. "முப்பது வருஷம் கடை நடத்துனத டிகிரிக்குச் சமம்னு எடுத்து, உங்க படிப்புலயே என்னையும் சேத்துக்கிட்டாங்க. வியாழக்கிழமை எனக்கு இதே பரீட்சை. குறை கேக்குற ஆளா உங்க பேரைத்தான் குடுத்திருக்கேன்."

இம்ரான் பக்கத்து ஸ்டூலைப் பிடித்து உட்கார்ந்தான்.

"குறையெல்லாம் தயாரா இருக்கு மாப்புள. ரொட்டிதான் இடிக்குது. ரெண்டு வேணும்ல? ஒண்ணுதான் கிடைச்சிருக்கு."

அந்த ஒன்று என்னவென்று கேட்க இம்ரான் வாயைத் திறப்பதற்குள், மாமனார் வரிசையில் அடுத்து நின்றவர் பக்கம் திரும்பிவிட்டார்.

பொட்டலத்தை முதலில் அவர் கையில் கொடுத்தார்.

பிறகு கேட்டார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"