இரண்டாவது கையெழுத்து

"மதியத்துக்குள்ள முப்பது தைராய்டு கேஸ் முடிச்சிட்டாங்க சின்ன டாக்டர்!" என்றார் டெக்னீஷியன், கண்ணாடி ஸ்லைடுகளை ஸ்கேனரில் அடுக்கியபடி. "நீங்க எத்தனை மேடம்?"

"பதினொண்ணு." சொல்லும்போதே பெரிய டாக்டருக்கு வயிறு எரிந்தது.

சின்ன டாக்டர் அவளுடைய சொந்தத் தங்கை. ஒரே ஆய்வகம், அடுத்தடுத்த அறை. கழுத்துக் கட்டியில் ஊசி குத்தி எடுத்த செல்களை அக்கா இன்னும் மைக்ரோஸ்கோப்பில்தான் பார்ப்பாள். தங்கைக்குக் கணினித் திரை போதும். சந்தேகமான இடங்களை மென்பொருளே வட்டமிட்டுக் காட்டிவிடும். நிர்வாகம் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. அம்மாகூட, "சின்னவகிட்ட நீயும் கத்துக்கோயேண்டி" என்று சொல்லிவிட்டாள்.

அன்று தங்கையிடமிருந்து ஒரு ரிப்போர்ட், சரிபார்த்து இரண்டாவது கையெழுத்துப் போட வந்தது. பெயர் இல்லை, எண்ணும் 'பெண்' என்ற குறிப்பும் மட்டும். 'புற்று அறிகுறி இல்லை.'

'இரு, உன் வேகத்தோட லட்சணத்தைப் பாக்கறேன்' என்று அந்த ஸ்லைடைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தாள் அக்கா. சாப்பிடக்கூடப் போகவில்லை. ஒரு மணி நேரம் கழித்து, செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்திருந்த ஒரு மூலைக்கு வந்தாள். திரையில் வெறும் மங்கலாகத் தெரிந்திருக்கும் இடம். மைக்ரோஸ்கோப்பின் குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினாள். காபிக் கொட்டை மாதிரி நடுவில் கோடு விழுந்த உட்கருக்கள், புற்றின் அடையாளம். ஒன்று, இரண்டு... கொத்துக் கொத்தாக.

பதறியிருக்க வேண்டும். ஆனால் முதலில் வந்தது சந்தோஷம்தான்.

அடுத்த அறைக் கதவைத் தட்டாமலே திறந்தாள்.

"மூணு நிமிஷத்துல பாத்துட்டு ஒண்ணுமில்லைன்னு எழுதிட்டியே, இது கேன்சர்டி!"

தங்கை நிமிரவில்லை. "நிச்சயமாவாக்கா?"

"சந்தேகமே இல்ல. இனிமேலாவது வேகம் வேகம்னு பீத்திக்காதே. பாவம், யார் பெத்த பொண்ணோ!"

"மூணு நிமிஷம் இல்லக்கா, மூணு நாளாப் பாக்கறேன். நிஜமாவே இருக்கா, பயத்துல அப்படித் தெரியுதான்னு புரியல. ஒண்ணுமில்லைன்னு எழுதி அனுப்பினா, என் தப்பைக் கண்டுபிடிக்கறதுக்காகவே நீ இண்டு இடுக்கு விடாம தேடுவேன்னு தெரியும். வேற யாரும் அப்படிப் பாக்க மாட்டாங்க."

"அப்படி என்னடி இந்த ஒரு கேஸ்ல மட்டும்? யாரு இது?"

தங்கை தன் தொண்டையை மெல்லத் தொட்டுக் காட்டினாள்.

"நம்ம அம்மா பெத்த பொண்ணுதான்க்கா."