வெட்டப்பட்ட முதலாமிடம்

1943ஆம் ஆண்டு, ஆடி மாதத்து ஞாயிறு, பிற்பகல் நாலேகால் மணி. மழை சற்றே ஓய்ந்திருந்தது. கடற்காற்றின் ஈரத்தில் கொழும்பு வெள்ளவத்தை வாசிகசாலையின் கதவுகள் ஊதிப் பருத்து, மூட மறுத்தன.

உள்ளே, தமிழின் சிறந்த பத்து நாவல்களைத் தெரிவுசெய்துகொண்டிருந்தார்கள். கை உயர்த்தி எண்ணியதில் ‘தீவாந்தரத் தேன்மொழி’ முதலாவதாக வந்திருந்தது. சங்கக் காரியதரிசி சிவபாதசுந்தரம் அதை எழுதி முடிக்குமுன் நாகேந்திரம் எழுந்தார்.

“அதை வெட்டுங்கோ.”

வாசிகசாலையைத் தொடக்கியவர்களுள் ஒருவர் அவர். சுங்கப் பகுதியில் கிளாக்கர். அதிர்ந்து பேசாதவர்.

“ஏன் ஐயா? எல்லாரும் விரும்பின புத்தகமல்லோ?”

“அழுகையைத் தவிர அதிலை ஒண்டுமில்லை. வீட்டுப் பெண்பிள்ளையள் தொடக்கூடாத புத்தகம்.”

பாமன்கடைப் பகுதியில் புடைவைக் கடை வைத்திருக்கும் ஸாலிஹ் எல்லோருக்கும் தேநீர் கொண்டுவந்திருந்தார். நாகேந்திரம் மட்டும் அதைத் தொடவில்லை. அதையும் மனத்தில் வைத்துக்கொண்டு ஸாலிஹ் கேட்டார்:

“அப்ப மூணு மாசமா அந்தப் புத்தகம் உங்கட ஊட்டுலதானே கெடக்கு? உங்கட மகள் தொடலாமா?”

பின்வரிசையில் ஒருவர் சொன்னார்: “முப்பது தரம் வாசிச்ச பிறகுதான் ஐயாவுக்குக் கூடாதெண்டு தெரிஞ்சிருக்கு.”

சிரிப்பு எழுந்தது. நாகேந்திரம் சிரிக்கவில்லை.

ஸாலிஹின் குரல் தணிந்தது. “எங்கட வாப்பா நாவல் எண்டாலே ஊட்டுக்குள்ள எடுக்க உடமாட்டார். பெரியவங்க கூடிப் போட்ட பட்டியல்ல இருந்தா உடுறன் எண்டு செல்லியிருக்கார். புள்ள தவறின நாளையிலேந்து என்ட பொஞ்சாதி நளீபா ஒண்டும் கேக்கல்ல. இந்தக் கதைய மட்டும்தான் கேட்டா. கலியாணத்துக்கு முந்தி கொட்டாஞ்சேனையில வாசிச்சவ.”

யுத்தம் தொடங்கியபின் இந்தியாவிலிருந்து புத்தகங்கள் வருவது நின்றிருந்தது. அவர்கள் அறிந்தவரை, கொழும்பில் அந்நாவலின் பிரதி அது ஒன்றே.

“வேறை நல்ல புத்தகம் குடுங்கோ, நானா,” என்று ஸாலிஹை அண்ணனாய் விளித்துச் சொன்னார் நாகேந்திரம்.

“அவ கேட்டது இது.”

“அந்தப் பேர் பட்டியலிலை இருந்தால், என்ரை பேரைச் சங்கத்திலை இருந்து எடுத்துவிடுங்கோ.”

நெடுநேரம் பேனையை உருட்டிக்கொண்டிருந்த சிவபாதசுந்தரம், முதலாம் பெயரின்மேல் ஒரு கோடு இழுத்தார்.

“ஆனால் புத்தகம் சங்கத்தின்ரை சொத்து, நாகேந்திரம். நாளைக்கு அது திரும்பி வரவேணும்.”

“நானே காலையில வந்து எடுக்கிறன்,” என்றார் ஸாலிஹ். “வாப்பாவோட சண்டை புடிச்சாவது அவக்குக் குடுப்பன்.”

மறுநாட்காலை சிவபாதசுந்தரம் வேறொரு நாவலைச் சேர்த்துப் பத்தாக்கி, பட்டியலை வாசிகசாலைச் சுவரில் ஒட்டினார்.

நளீபா விடியுமுன் எழுந்து, தலைவாரி, யன்னலோரத்தில் பாயை விரித்துக் காத்திருந்தாள்.

ஸாலிஹ் நாகேந்திரத்தின் கதவைத் தட்டினார். கதவு ஒரு சாண் அளவே திறந்தது.

“புத்தகம் துலைஞ்சு போச்சு, நானா.”

ஸாலிஹ் அவரை நிமிர்ந்து பார்த்தார். “ஊட்டுல ஒரு புள்ளட நோவு என்னண்டு உங்களுக்குத் தெரியாது, ஐயா.” குடையை விரிக்கவும் மறந்து மழையில் இறங்கிப் போனார்.

நாகேந்திரம் தாழிட்டுவிட்டுக் குசினிக்குத் திரும்பினார். அடுப்பில் ‘தீவாந்தரத் தேன்மொழி’யின் கடைசி ஏடுகள் கருகிக்கொண்டிருந்தன. எரியாது எஞ்சிய ஓரங்களில், மகள் சிவமணி இருமியபோது தெறித்த இரத்தம் காய்ந்து கிடந்தது. காசநோய் என்று ஒரு வாய் திறந்தால், வீட்டுக்காரர் அன்றே இருவரையும் தெருவில் விடுவார்.

உள்ளறையிலிருந்து சிவமணி மெல்லக் கேட்டாள்.

“அப்பா, எங்கடை புத்தகம் எத்தினையாவது?”

“முதலாவது, பிள்ளை.”

“தலைமாட்டிலை காணேல்லை.”

“எல்லாரும் கேக்கினம். ஸாலிஹ் நானான்ரை மனிசிக்கு முதலிலை குடுத்தனான்.”

“நல்லது. அந்த அக்கா பாவம். ஆறுதலா வாசிக்கட்டும்.”

பல நாட்களுக்குப் பின் அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இருமலாக மாறுமுன், கையிற் சாம்பலுடன், துணியை எடுத்துக்கொண்டு அவர் ஓடினார்.